காரைக்குடியில் வீடு: புறநகர் மனையா, அடுக்குமாடியா, பழைய தெருவா?

காரைக்குடியில் மனை, வீடு பற்றிய பேச்சு மறுபடி சூடு பிடித்திருக்கிறது. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. இரண்டே மாதத்தில் பணமதிப்பிழப்பு. அதிலிருந்து எழுந்து நிற்பதற்குள் கொரோனா. தமிழ்நாடு முழுக்கப் படுத்துக் கிடந்த மனை வியாபாரம் இங்கேயும் படுத்துத்தான் கிடந்தது. 2024 ஆகஸ்டில் ஊர் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் முதலான ஊராட்சிகளும் அதில் இணைக்கப்பட்டன. ஓய்வு பெற்றுச் சென்னையிலிருந்து திரும்புகிறவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகச் சுற்றுப்பட்டிலிருந்து வருகிறவர்கள், அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் வேலை பார்க்கிறவர்கள் என்று குடியிருக்க வீடு தேடுகிற கூட்டம் எப்போதும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த அலசல். வாங்கிப் போட்டு விலை ஏறினதும் விற்கலாம் என்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

வழி மூன்று. ஊருக்கு வெளியே மனை வாங்கிப் புதிதாகக் கட்டுவது, அடுக்குமாடியில் ஒரு வீடு, செக்காலை, கல்லுக்கட்டி, முத்துப்பட்டணம், செஞ்சை போன்ற பழைய பகுதிகளில் இருக்கிற வீட்டை வாங்கிச் சரி செய்து குடியேறுவது. பெரும்பாலானோர் யோசிக்காமல் முதல் வழிக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் மூன்றாவதை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் புறநகர் மனை. இதன் பலம் காகிதத்தில் இருக்கிறது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் உள்ள லே-அவுட், ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, தெளிவான பட்டா எல்லாம் இருந்தால் வங்கிக் கடன் சிக்கல் இல்லாமல் கிடைக்கும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் மட்டுமோ தரைத்தளமும் ஒரு மாடியுமோ கட்ட இணையத்திலேயே உடனடியாக அனுமதி வாங்கிவிடலாம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். இந்த 9 சதவீதம் பழைய வீட்டுக்கும் பொருந்தும் என்பதால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் மனை என்பது வெறும் காகிதம் கிடையாது. லே-அவுட்டின் சாலைகளைத் தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்கு ஒப்படைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். ஒப்படைக்காத சாலைக்குத் தார் போட யாரும் வர மாட்டார்கள், தெருவிளக்கும் வராது. அப்புறம் தண்ணீர். செட்டிநாடு மழையை நம்பி வாழ்ந்த பூமி. ஊருக்கு ஊர் ஊருணியும் கண்மாயும் வெட்டி, அவற்றுக்கு வரத்துக்கால் விட்டு வைத்தார்கள். இன்று மனை போடுகிறவர்கள் சமப்படுத்தி வெள்ளைக் கல் நட்டுவிட்டால், எது மேடு, எது வரத்துக்கால் என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. புல வரைபடத்தையும், கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அதோடு பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெரியவரிடம் ‘ஐயா, ஐப்பசி கார்த்திகையில் இங்கே தண்ணி நிக்குமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் வந்த பகுதி என்றால் வசதி எப்போது வரும் என்பது ஒரு பக்கம், சொத்து வரி எவ்வளவு என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றாக வராது.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய வீட்டில் அறுபது வயதுக்கு மேல் வாழப்போகிறவர்கள், மருந்துக்கடைக்கும் கோயிலுக்கும் காய்கறிக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டோவையோ பிள்ளைகளையோ எதிர்பார்க்க வேண்டும். செக்காலையில் வீடு இருந்தால் நடந்தே போய் வரலாம்.

அடுக்குமாடி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தனியாக இருக்கிற மூத்தவர்களுக்குப் பாதுகாப்பு, பூட்டிவிட்டு வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போகிற வசதி, இந்த இரண்டும் உண்மையான பலன்கள். வாங்கும்போது யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் தேய்ந்த பிறகு உங்களுக்கு மிஞ்சுவது அந்த நிலப் பங்குதான். 2022-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டலாம். முற்றமும் காற்றும் பழகியவர்களுக்கு அடுக்குமாடி ஒத்து வருமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

பழைய வீட்டுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, நிறையப் பயமும் இருக்கிறது.

பழைய வீடு என்றால் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் உள்ள பெரிய நகரத்தார் வீடுகளை மட்டும் நினைக்க வேண்டாம். அவற்றை நிலைநிறுத்தப் பெரிய முதல் வேண்டும். கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் போல விடுதியாக மாறினால் அந்த வீடுகள் பிழைக்கும், அது தொழில். நான் சொல்வது திண்ணை, சின்ன வளவு (முற்றத்தை ஒட்டிய உள்கட்டு), ஒரு முற்றம், பின்கட்டு என்று இருக்கிற ஒற்றைக் கட்டு வீடுகள். ஒரு குடும்பம் கூட்டிப் பெருக்கி வாழக்கூடிய அளவு.

முதல் பயம், பத்திரம். இது நியாயமான பயம். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பெண் வாரிசுகளை ‘அவங்களுக்கு இதுல பங்கு கிடையாது’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தம் கொண்டு வந்தது, 2005-ல் இந்திய அளவில் சட்டம் மாறியது, 2020-ல் உச்ச நீதிமன்றம் மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று உறுதி செய்தது. அதனால் மகள்களின் கையெழுத்து இல்லாத பத்திரத்தில் பணம் போடாதீர்கள்.

அதைவிட ஆபத்து, ‘என் பங்கை மட்டும் சகாயமா தர்றேன்’ என்கிற பேரம். வாங்கவே கூடாது. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவருக்கு வராது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டாலும், அந்தப் பங்கை உரிய விலை கொடுத்து எடுத்துக்கொள்ள மற்ற பங்காளிகளுக்கு 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

நல்ல வழி எது என்றால், விற்கிற குடும்பம் முதலில் தங்களுக்குள் பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ போட்டு ஒருவர் பேருக்குக் கொண்டு வருவது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வீட்டு விலையோடு பார்த்தால் இது பெரிய தொகை கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டு அலைகிறவர்கள் உண்டு.

இரண்டாவது பயம், கட்டடம். ‘சுண்ணாம்புச் சுவர், தாங்குமா?’ என்பார்கள். தாங்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் செய்கிற ரிப்பேர்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கொட்டும். பிறகு ‘பழசு, இடிச்சிடலாம்’ என்று முடிவு கட்டுவார்கள். வீடு பார்க்கப் போகும்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: ஓட்டுக்கூரையின் ஓரங்கள், முற்றத்தைச் சுற்றி மழைநீர் விழும் தகரங்கள், சுவர் உச்சியில் ஆலோ அரசோ முளைத்திருக்கிறதா என்பது. தேக்கு உத்தரத்தைவிட நாட்டு மரச் சட்டங்களில்தான் கரையான் அதிகம் இருக்கும். தரை பிரச்சினை இல்லை. ஆத்தங்குடிக் கல்லை இன்றும் கண்ணாடி மேல் கையால் வார்த்து, வெயிலிலும் தண்ணீரிலும் பதப்படுத்திச் செய்கிறார்கள். உடைந்த இடத்துக்கு மாற்றுக் கல் கிடைக்கும். கிடைப்பது அரிதாகிவிட்டது சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்தான். அவரை முதலில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பிறகு தேடினாலும் தப்பில்லை.

மூன்றாவது விஷயம் கடன். வங்கி மதிப்பீட்டாளர் பழைய வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் மனைக்குத்தான் மதிப்புப் போடுவார். தேக்கும் கற்தூணும் அவர் கணக்கில் வராது. ஆகவே கையில் ரொக்கம் அதிகம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் புதிய மனை நிச்சயமாக முந்துகிறது. கடனை நம்பி மட்டுமே வீடு வாங்குகிற இளம் தம்பதிக்குப் பழைய தெருவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மதிப்பீட்டாளர் கணக்கில் வராத அதே தேக்குக்கு முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலை உண்டு. அதனால்தான் குடியிருக்க ஆள் வராத வீடு கதவு கதவாக, தூண் தூணாகப் பிரிந்து போகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் ஒரு வீட்டையும் இடிக்காமல் தடுக்காது. தெருவில் மனிதர்கள் குடியிருந்தால் வீடு நிற்கும். இது எனக்கு ஆதங்கமான விஷயம், மறைக்கவில்லை. ஒரு தெருவில் இரண்டு வீட்டில் விளக்கெரிய ஆரம்பித்தால் மூன்றாவது வீட்டுக்காரர் விற்கிற யோசனையைத் தள்ளி வைக்கிறார்.

முடிவு எடுக்க முடியாமல் இருப்பவர்களுக்கு நம்ம பக்கத்து வழி ஒன்று உண்டு: ஒத்தி. ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் பழைய வீடு ஒன்றில் குடியிருங்கள். முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதோடு நிறுத்தாமல் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். கொடுத்த பணத்துக்கு அதுதான் பிடிமானம். புரட்டாசி முடிவதற்குள் குடி போய்விட்டால் ஒரு முழு அடைமழையை உள்ளிருந்தே பார்த்துவிடலாம். எந்தச் சுவர் ஈரம் வாங்குகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, பக்கத்து வீட்டார் எப்படி, எல்லாம் தை பிறப்பதற்குள் தெரிந்துவிடும். அதற்குள் வீட்டுக்காரரின் பங்காளிகள் எத்தனை பேர் என்பதும் தெரிந்திருக்கும்.