தேசிய வனத்தில் ‘உங்களுக்கு மட்டும் ஓர் இடம்’ விற்கிறார்கள், பணம் கொடுத்துவிடாதீர்கள்

மிச்சிகனில் மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கும் நம் ஆட்களும், இந்த வருடமாவது போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். 2024 நவம்பரில் நானும் நண்பர் ஒருவரும் 450 டாலர் கொடுத்து ஒரு ‘தனி இடம்’ வாங்கினோம். விற்றவருக்கு அந்த இடத்தில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை.

ஃபேஸ்புக்கில் பழைய வேட்டைச் சாமான்கள் வாங்கி விற்கும் குழு ஒன்றில்தான் அந்த விளம்பரம் வந்தது. பால்ட்வின் ஊருக்குப் பக்கத்தில் லீஸ் எடுத்த நிலம், மரத்தில் பரண் தயாராக இருக்கிறது, துப்பாக்கிப் பருவத்தின் முதல் மூன்று நாள் உங்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள் என்று எழுதியிருந்தார். போனில் மரியாதையாகப் பேசினார். காற்று எந்தப் பக்கம் வீசும், மான் எந்தத் தடத்தில் இறங்கும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். பணத்தை ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் Zelle சேவை) அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். இடம் எது என்று வரைபடத்தில் காட்டும் ‘பின்’ குறியை மட்டும் முந்தின நாள் ராத்திரிதான் அனுப்பினார். வரைபடச் செயலியில் திறந்தால் சுற்றிலும் பச்சை நிறம். அத்தனையும் மேனிஸ்டீ தேசிய வனம், அதாவது பொது நிலம். கூப்பிட்டுக் கேட்டபோது, “அந்த மேப் பழசு. பரண் என்னுடையது, இடமும் என்னுடையதுதான், தைரியமாகப் போங்கள்” என்றார்.

இங்கே நவம்பர் 15 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றுதான் துப்பாக்கிப் பருவம் தொடங்கும், மாதக் கடைசி வரை ஓடும். மாநிலத்தில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் மான் வேட்டைக்காரர்கள். வடக்கே பல பள்ளிகள் அன்று விடுமுறையே விட்டுவிடும். மேனிஸ்டீயும் அடங்கிய ஹியூரான்-மேனிஸ்டீ வனம் சுமார் பத்து லட்சம் ஏக்கர் என்றாலும், சாலையிலிருந்து எளிதாக நடந்து போகிற நல்ல இடங்களுக்கு அந்த ஒரு காலையில் இருக்கும் போட்டி கொஞ்சநஞ்சமல்ல.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே போய்ச் சேர்ந்தோம். வண்டி நிறுத்தும் இடத்தில் ஏற்கனவே இரண்டு பிக்கப்கள். உள்ளே நடந்து பரணை நெருங்கும்போது, முப்பது நாற்பது கஜம் தள்ளி ஒரு மரத்தடியிலிருந்து சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னியது. ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று அர்த்தம். ஒரு பெரியவரும், பள்ளிக்கூட வயதில் அவருடைய மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை, சலிப்புதான் தெரிந்தது. “நீங்களும் அந்த ஆளிடம் பணம் கட்டினீர்களா?” என்று கேட்டார். எங்களுக்குச் சற்று முன்னால் இன்னொருவரும் அதே பின்னோடு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்!

விற்றவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “அவர்களைக் கிளப்பிவிடுங்கள். வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.” பணம் போனதைவிட இதுதான் எனக்கு அதிக எரிச்சல். எங்கள் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அவருக்கு அடியாள் வேலையும் நாங்களே பார்க்க வேண்டுமாம். அதுவும் இருட்டில், கையில் துப்பாக்கியோடு இருக்கிற முன்பின் தெரியாத மனிதரிடம், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது. நாங்கள் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவர் சுடும் திசை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வந்த வழியே திரும்பினோம்.

வெளிச்சம் வந்த பிறகு, பெரியவரும் மகனும் கிளம்பிப் போனதும் பரணைப் போய்ப் பார்த்தோம். ஏறுவதற்கான படிகளை விற்றவர் மரத்தில் திருகி இறக்கியிருந்தார். பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கும் எதையும் மாட்டக்கூடாது. பரணில் உரிமையாளரின் பெயரும் முகவரியும், அல்லது ஓட்டுநர் உரிம எண்ணாவது, இருக்க வேண்டும். எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பரணுக்கு எதிரே மக்காச்சோளம் குவியலாகக் கிடந்தது. மான்களிடையே பரவும் சி.டபிள்யூ.டி. நோய் காரணமாக, பால்ட்வின் உள்ள மிச்சிகனின் கீழ்த் தீபகற்பம் முழுக்க மானுக்குத் தீனி போட்டு வேட்டையாட 2019இலிருந்து தடை. சோளத்தை யார் கொட்டினார் என்பதெல்லாம் அப்புறம். அதற்கு எதிரே துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவரைத்தான் அதிகாரி முதலில் கேட்பார். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். செல்லுபடியான வேட்டை உரிமம் இருப்பதால்தான் பலருக்குத் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேட்டைக் குற்றத்தில் அந்த உரிமம் போனால் விஷயம் மானோடு நிற்காது.

இந்த வியாபாரத்துக்கு நம்மவர்கள் ஏன் வசதியாக அகப்படுகிறோம் என்பதும் புரிகிறது. வேட்டையைப் பெரும்பாலும் தடைசெய்த 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு வேட்டைக் காட்டின் வழக்கம் சொல்லித்தர வீட்டில் தாத்தாவோ மாமாவோ இருப்பதில்லை. உரிமம் எடுக்கலாம், பாதுகாப்பு வகுப்பு முடிக்கலாம், ஆரஞ்சுச் சட்டை வாங்கலாம். ஆனால் இடம் பிடிப்பதற்கு என்ன முறை என்று எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். தெரியாத இடத்தில் சண்டை வேண்டாம், காசு கொடுத்தால் நிம்மதி என்று தோன்றுவது இயல்பு. அந்த ஆள் குறிவைப்பதும் அதைத்தான்.

முறை எளிது. பொது நிலத்தில் அன்றைக்கு யார் முதலில் வந்து உட்காருகிறாரோ, அன்றைக்கு அந்த இடம் அவருடையது. பத்து வருடமாக வருகிறேன், ஆகஸ்டிலேயே கேமரா கட்டிவைத்தேன் என்பதெல்லாம் செல்லாது. ஆள் இல்லாத பரணை விட்டுவைத்துவிட்டுப் போவதும் முன்பதிவு ஆகாது. (அடுத்தவர் பரணில் ஏறி உட்காருவது வேறு விஷயம். அது எனக்குச் சரியாகப் படவில்லை, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்றும் நமக்குத் தெரியாது.) நிறுத்துமிடத்தில் வண்டி நின்றால் அடுத்த இடத்துக்குப் போவார்கள். விளக்கு மின்னினால் பேசாமல் பின்வாங்குவார்கள், மானின் தடத்துக்குக் குறுக்கே நடக்காமல். அதனால்தான் பழகியவர்கள் மூன்று நான்கு இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இடங்களைப் பங்கிட வேண்டிய இடத்தில் மாநிலமே பங்கிடுகிறது. ஃபிஷ் பாயின்ட், ஷியாவாசி போன்ற வாத்து வேட்டைப் பகுதிகளில் குலுக்கல் நடக்கும், நேரில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். தனியார் நிலத்தை வேட்டைக்குத் திறந்துவிடும் மாநிலத்தின் ஹெச்.ஏ.பி. திட்டத்தில் சேர்ந்த தனியார் பண்ணைகளிலும் பதிவு செய்துவிட்டு இலவசமாக வேட்டையாடலாம். லீஸ் என்பதும் உண்மையில் உள்ள ஏற்பாடுதான், தனியார் நிலமாக இருந்தால். அப்படி யாராவது சொன்னால் பணத்துக்கு முன்பே பின்னைக் கேளுங்கள். மாவட்டத்தின் நில வரைபடத்தில் உரிமையாளர் பெயரைப் பாருங்கள், எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டால், பொது நிலத்தில் காசுக்கு வழிகாட்ட 2024 மார்ச்சிலிருந்து மிச்சிகனில் தனி உரிமம் வேண்டும். தேசிய வனம் என்றால் அதை நிர்வகிக்கும் அமெரிக்க வனச் சேவையின் அனுமதியும் வேண்டும். இரண்டும் இருந்தாலும்கூட இடம் அவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. ‘பின்னை முந்தின நாள்தான் தருவேன், மற்றவர்கள் திருடிவிடுவார்கள்’ என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பரண், படி, சோளம் எல்லாவற்றையும் படம் எடுத்து, குறுஞ்செய்திகளோடு சேர்த்து மாநில இயற்கை வளத் துறையின் 800-292-7800 எண்ணில் புகார் கொடுத்தோம். அதிகாரி ஒருவர் திரும்ப அழைத்து, இடத்தின் பின்னையும் படங்களையும் வாங்கிக்கொண்டார். வங்கி கைவிரித்துவிட்டது, நாமே மனமறிந்து ஸெல்லில் அனுப்பிய பணம் என்பதால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாதாம். விற்றவர் முதலில் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், பிறகு எங்கள் எண்களைத் தடுத்துவிட்டார். பரண் படத்தை மட்டும் மாற்றாமல், வேறு பெயரில், வசந்தகால வான்கோழி வேட்டைக்கு ‘இரண்டு இடங்களே பாக்கி’ என்று விளம்பரம் போட்டிருக்கிறார்.