செட்டிங்ஸ் மெசேஜ் வந்தால் அவசரப்பட்டு இன்ஸ்டால் செய்யாதீர்கள்

"உங்கள் ஃபோனுக்குப் புதிய நெட்வொர்க் செட்டிங்ஸ் அனுப்பப்படுகிறது. நிறுவாவிட்டால் இன்டர்நெட் நின்றுவிடும். பின் நம்பர் 1234." இப்படி ஒரு எஸ்எம்எஸ்ஸும், அதன் பின்னாலேயே 'இன்ஸ்டால்' பட்டனோடு இன்னொரு மெசேஜும் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். என் அக்காவின் ஃபோனில் இதுதான் நடந்தது. முதல் மெசேஜ் சிம் கம்பெனியின் பெயரில், அவர்களுடைய பழைய ரீசார்ஜ் மெசேஜ்களுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்திருந்தது. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட முடியும் என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும்? பின் நம்பரைப் போட்டார், இன்ஸ்டால் ஆனது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் தலைவலி. வீட்டு வைஃபையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். வெளியே போய் மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் பிரவுசர் ஆமை வேகம், பல தளங்களில் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற சிவப்பு எச்சரிக்கை. அவசரத்தில் அதைத் தாண்டிப் போய் மெயிலைத் திறந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில், தெரியாத கருவி ஒன்றிலிருந்து அவருடைய மெயிலுக்குள் யாரோ நுழைந்ததாக அறிவிப்பு வந்தது.

ஃபோனை வாங்கி மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போய் ஏபிஎன் பட்டியலைப் பார்த்தேன் (மொபைல் டேட்டா எந்த வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் செட்டிங்தான் ஏபிஎன்). வழக்கமான பெயருக்குக் கீழே அதே பெயரில் இன்னொன்று, கடைசியில் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். தேர்வாகியிருந்தது அந்த இரண்டாவதுதான். உள்ளே திறந்தால், பெரும்பாலும் காலியாக இருக்க வேண்டிய ப்ராக்ஸி (நடுவில் நின்று பக்கங்களை வாங்கித் தரும் கம்ப்யூட்டர்) கட்டத்தில் ஏதோ ஒரு ஐபி எண், போர்ட் 8080. அதாவது மொபைல் டேட்டாவில் அக்கா பிரவுசரில் திறந்த பக்கங்கள் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவனுடைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் போய் வந்திருக்கின்றன. வைஃபைக்கு இந்த ஏபிஎன் பொருந்தாது என்பதால்தான் வீட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. ஓஎம்ஏ சிபி என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. புது சிம் போட்டதும் இன்டர்நெட், எம்எம்எஸ் செட்டிங்ஸை நெட்வொர்க்கே மெசேஜாக அனுப்பிவைக்க உருவானது. அதே வழியில் ப்ராக்ஸி, எம்எம்எஸ் சர்வர், பிரவுசரின் முகப்புப் பக்கம், மெயில் சர்வர் என்று பலவற்றை மாற்ற முடியும். 2019 செப்டம்பரில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாம்சங், ஹுவாவே, எல்ஜி, சோனி ஃபோன்களில் இந்த ஏமாற்று வேலை செய்கிறது என்று காட்டினார்கள். சாம்சங்கின் சில ஃபோன்களில் அப்போது எந்தச் சரிபார்ப்புமே இல்லாமல் செட்டிங்ஸ் மெசேஜ் ஏற்கப்பட்டது. சாம்சங் அந்த ஆண்டு மே மாத அப்டேட்டிலும் எல்ஜி ஜூலையிலும் சரிசெய்துவிட்டன. அப்டேட் வராமல் கிடக்கும் பழைய ஃபோன்களுக்கு இதனால் என்ன பயன்?

மற்ற ஃபோன்களில் சரிபார்ப்பு இரண்டு வகை. ஒன்று, சிம்மின் ஐஎம்எஸ்ஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு சிம்முக்கும் உள்ள தனி அடையாள எண்ணை வைத்து. அது தெரியாத மோசடிக்காரனுக்கு இரண்டாவது வழி இருக்கிறது: பயனரே பின் நம்பர் போடுவது. இதில்தான் எனக்கு ஆத்திரம். பின் நம்பரைச் சொல்கிறவனும் செட்டிங்ஸை அனுப்புகிறவனும் ஒரே ஆள் என்றால் அந்தப் பின் எதைத்தான் நிரூபிக்கிறது? திருடனே பூட்டும் சாவியும் கொண்டுவந்து நம் கதவில் மாட்டிக் காட்டுவது போலத்தான். அக்காவின் ஃபோன் திரையில் அனுப்பியவர் யார், எந்த செட்டிங் மாறப்போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. 'புதிய செட்டிங்ஸ் வந்துள்ளது, நிறுவவா?' என்பதோடு சரி.

சிம் கம்பெனியின் கஸ்டமர் கேர் நடந்துகொண்ட விதம் இதைவிட மோசம். முதலில் ஃபோனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். பிறகு ஃபேக்டரி ரீசெட். கடைசியில் எடுத்த பெண், "சார், நாங்களே சரியான செட்டிங்ஸை மெசேஜில் அனுப்பறோம், வந்ததும் இன்ஸ்டால் பண்ணிடுங்க" என்றார். உங்கள் மெசேஜுக்கும் மோசடிக்காரன் மெசேஜுக்கும் திரையில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "லைன்ல இருங்க சார்" என்று பாட்டைப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. புகாரைப் பதிவு செய்து எண் கொடுங்கள் என்றதற்கு, இது ஃபோன் பிரச்சினை, ஃபோன் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். ஃபோன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரோ, இது நெட்வொர்க் பிரச்சினை என்றது.

வெறுத்துப்போய் நானே சரிசெய்தேன். ஏபிஎன் பட்டியலின் மெனுவில் இயல்புநிலைக்கு மீட்டமைக்கும் வசதி இருக்கிறது. அதை அழுத்தியதும் போலிப் பதிவு போய்விட்டது. பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் மெயில் ஆப்பில் உள்ள சர்வர் முகவரிகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மெயில் பாஸ்வேர்டை அந்த ஃபோனில் மாற்றாமல் என் லேப்டாப்பில் வைஃபை வழியாக மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருப்பவர்கள் இருந்தால் அந்த ஏபிஎன் பக்கத்தை ஒருதரம் திறந்து பாருங்கள். ப்ராக்ஸியில் ஏதாவது இருந்தாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது, சில நெட்வொர்க்குகள் எம்எம்எஸ்ஸுக்காகவே ஒன்று வைத்திருக்கும். சிம் கம்பெனியின் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். செட்டிங்ஸ் நிஜமாகவே தேவைப்பட்டாலும் அந்தத் தளத்தைப் பார்த்துக் கையாலேயே தட்டச்சு செய்துகொள்ளலாம், நாலைந்து கட்டங்கள்தான். நீங்கள் கேட்காமலே வந்த செட்டிங்ஸ் மெசேஜ் என்றால் ரத்து செய்துவிட்டு, முதலில் வந்த எஸ்எம்எஸ்ஸை மட்டும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அக்கா அதை அழித்துவிட்டதால் எங்களிடம் காட்ட ஒன்றுமே இல்லாமல் போனது.