டயாலிசிஸா, மாற்றுச் சிறுநீரகமா: கோத்தகிரியிலிருந்து ஒரு கணக்கு

என் கணவருக்குப் பதினான்கு மாதங்கள் டயாலிசிஸ் நடந்தது. பிறகு என் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இதிலேயே தெரியும்.

அலைச்சலைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. வாரம் மூன்று முறை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, நான்கு மணி நேரம் படுத்திருந்து, மீண்டும் மலை ஏற வேண்டும்.

சிறுநீரக மாற்று சிகிச்சை வேண்டாம் என்று மாமியார் தடுத்ததற்குக் காரணம் புற்றுநோய் வருமோ என்ற அச்சம். அந்த அச்சம் வீணானதன்று. புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்கத் தரும் மாத்திரைகள் எதிர்ப்பாற்றலையே அடக்குகின்றன. உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. இவர்களுக்குக் கூடுதலாக வரும் புற்றுகளில் நிணநீர்ப் புற்றும் தோல் புற்றும் முக்கியமானவை. வெள்ளைத் தோலினரைவிட நமக்குத் தோல் புற்று குறைவுதான். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நாங்கள் இருப்பதோ 1,800 மீட்டர் உயரத்தில். மூடுபனி கதிரை முழுதாக மறைத்துவிடாது.

இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது அவருடைய நினைவாற்றல் மங்கியதுதான். டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில், காலையில் எடை போட்ட தேயிலைக் கொழுந்தின் அளவை மாலையில் மறந்திருப்பார். முப்பது ஆண்டுகளாக மனக்கணக்கில் தோட்டத்தை நடத்தியவர், என்னிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார். டயாலிசிஸ் நடக்கும்போது மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மூளை விரைவாக மூப்படைவதும், மாற்று சிகிச்சைக்குப் பின் கவனமும் நினைவும் பலருக்கு மேம்படுவதும் பதிவாகியுள்ளன. எங்கள் வீட்டில் ஆறாவது மாதத்தில் கணக்கு நோட்டு அவர் கைக்குத் திரும்பியது.

புற்றுநோயைத் தேடிப் பார்க்க வழி உண்டு. கைகளையும் கழுத்தையும் காதோரத்தையும் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்கிறேன். ஆறாத புண்ணோ புதிய கட்டியோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போவோம். தோட்டத்தில் முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் கட்டாயம். மாத்திரை அளவைச் சரிபார்க்கும் ரத்தப் பரிசோதனை எதையும் இதுவரை தவறவிட்டதில்லை. மூளையின் தேய்மானத்துக்கு இப்படிக் காவலிருக்க எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

மூன்று ஆண்டு அனுபவம் சிறியது. இந்தப் புற்றுகள் பத்து ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கும், இதயம் பலவீனமான முதியவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. அவர்கள் டயாலிசிஸில் தொடர்வதே சரியாக இருக்கலாம்.