செம்பு என்று நம்பி 6,840 ரூபாய் கொடுத்தேன்: கார் ஸ்டீரியோவுக்கு ஆர்சிஏ கேபிள் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை அந்தக் கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கொடுத்த 6,840 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அடுத்த வாரம் இன்னொருவர் அதே பக்கத்தில் அதே காணொளியைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புவார். கார் ஸ்டீரியோவிலிருந்து ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டின் சிக்னலைக் கொண்டுசெல்லும் ஆர்சிஏ கேபிளைத் தாமே செய்துகொள்ள நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கேபிளையும் அதன் முனையில் பற்றவைக்கும் பின்னையும் வாங்கும்போது எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் திருச்சியில் வசிக்கிறேன். என்னுடையது 2012ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். அதன் டிக்கியில், பின்சீட்டின் முதுகுப்பக்கம், நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சென்ற மாதம் பொருத்தினேன். முன்னால் இருக்கும் ஸ்டீரியோவிலிருந்து கதவோரப் பிளாஸ்டிக்குக்கு அடியில் கேபிளை ஓட்டி அளந்து பார்த்ததில் 4.6 மீட்டர் வந்தது. ஆயத்தமாகக் கிடைக்கும் 5 மீட்டர் கேபிளை வாங்கியிருக்கலாம். ஆனால் அவற்றின் முனையில் உள்ள பின்னின் தலை நீளமாகவும் பருமனாகவும் இருப்பதால் ஸ்டீரியோவுக்குப் பின்னால் உள்ள குறுகிய இடத்தில் மடங்கி நிற்கிறது. வண்டி குலுங்கக் குலுங்க அது சாக்கெட்டை நெம்புகிறது. மேலும், ஸ்ரீரங்கத்தில் முப்பது ஆண்டுகள் ரேடியோ பழுதுபார்த்த ஒருவரின் மகன் நான். ஈயம் பற்றவைப்பது எனக்குப் பத்து வயதிலிருந்தே கைவந்த வேலை. நல்ல கேபிளும் நல்ல பின்னும் கிடைத்தால் போதும், மற்றதை நானே செய்துகொள்வேன் என்ற நம்பிக்கை இருந்தது.

அந்த நல்ல கேபிளுக்காகத்தான் தேடினேன். மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வர ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்பதால், படங்களும் சிறு காணொளிகளும் பகிரும் செயலி ஒன்றில் கார் ஆடியோ பொருள்கள் விற்கும் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மீட்டர் 190 ரூபாய்க்கு, இரண்டு கம்பிகள் முறுக்கி, அவற்றின் மேல் அலுமினியத் தாளும் செம்பு வலையும் சுற்றிய டபுள் ஷீல்டு (இரைச்சல் புகாமல் தடுக்கும் இரட்டை உறை) கேபிள் என்று போட்டிருந்தார்கள். முழுச் செம்பு, 99.99 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு கம்பியைத் தீயில் காட்டி, அது அலுமினியம் போல உருகாமல் சிவந்து நிற்பதைக் காட்டும் காணொளியும் இருந்தது.

இருந்தும் நான் உடனே பணம் அனுப்பிவிடவில்லை. தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். ஏமாந்தது அந்த அழைப்பில்தான். எடுத்தவர் விலையைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. ஸ்டீரியோ 2 வோல்ட் தருகிறதா 4 வோல்ட் தருகிறதா என்று கேட்டார். பேட்டரியிலிருந்து வரும் பவர் கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேட்டார். அது இடதுபுறம் போனால் சிக்னல் கேபிளை வலதுபுறம் கொண்டுபோகச் சொன்னார், குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் செங்குத்தாகத் தாண்டச் சொன்னார். “ஷீல்டை ஸ்டீரியோ பக்கம் மட்டும் சேருங்க சார், ஆம்ப் பக்கம் வெட்டிவிட்டு ஸ்லீவ் போட்டுடுங்க” என்றார். வேலை தெரிந்தவர் சொல்லும் வார்த்தை அது. நான் சொல்லாமலேயே அதை அவர் சொன்னதும், இவர் வெறும் வியாபாரி இல்லை, நம்மைப் போல் கையால் செய்து பார்த்தவர் என்று மனம் இளகிவிட்டது.

அதன்பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்திருக்கிறேன். “கேபிள் கைக்கு வந்ததும் நீங்களே ஒரு ஜாண் வெட்டிச் சுரண்டிப் பாருங்க சார், உள்ளே வெள்ளையா இருந்தா முழுப் பணமும் திருப்பித் தர்றேன்.” இதைக் கேட்ட பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? 20 மீட்டர் கேபிளுக்கு 3,800 ரூபாய், தங்கப் பூச்சுப் பித்தளைப் பின் என்று சொல்லப்பட்டவை எட்டுக்கு 330 வீதம் 2,640 ரூபாய், கூரியருக்கு 400 ரூபாய், ஆக மொத்தம் 6,840 ரூபாயை அப்போதே யுபிஐ வழியாக அனுப்பினேன். பொருள் வந்தபின் பணம் தருகிறேன் என்று ஒரு முறை கேட்டதற்கு, வெட்டிக் கொடுக்கும் பொருளுக்கு அந்த வசதி இல்லை என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது.

பார்சல் ஆறாவது நாள் வந்தது. சுருளைக் கையில் எடுத்தபோதே எடை குறைவாகத் தோன்றியது. செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனமானது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ரப்பர் உறை தடிமனாக இருந்ததால் சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்று இரவே சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினேன். உறையைச் சீவி, பிளேடால் கம்பியின் இன்சுலேஷனை எடுத்து, சால்டரிங் அயர்னின் நுனியை வைத்து ஈயத்தைத் தொட்டேன். நல்ல செம்பில் ஈயம் தண்ணீர் போல இழைகளுக்குள் இறங்கி ஓடும். இங்கே அது உருண்டு, குண்டாகி, கம்பியை விட்டு நழுவி மேசையில் விழுந்தது. ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தடவி மறுபடியும் வைத்தேன். மறுபடியும் உருண்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கம்பியை வாங்கினார். கட்டைவிரல் நகத்தால் இரண்டு முறை சுரண்டினார். செல்போன் விளக்கில் பார்த்தால், சிவந்த மெல்லிய தோலுக்கு அடியில் முழுக்க வெள்ளை. “இது செம்பு இல்லடா, முலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தார். ஓர் இழையை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் மடக்கியதும் பட்டென்று ஒடிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி அது. அந்த வகையில் செம்பு வெறும் 10 முதல் 15 சதவீதக் கன அளவுதான் மேலே தோலாக இருக்கும். பிளேடு பட்டுத் தோல் உரிந்த இடத்தில் அலுமினியம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படலம் கட்டிவிடுகிறது. சாதாரண ஃபிளக்ஸால் அதைக் கரைக்க முடியாது, அதனால் ஈயம் பிடிப்பதில்லை.

ஷீல்டு அதைவிட மோசம். வலை என்று சொன்ன இடத்தில் வலையே இல்லை. காகிதம் போன்ற தாளின் மேல் பதினான்கு இழைகளை ஒரே திசையில் சுற்றிவிட்டிருந்தார்கள். கேபிளை வளைத்தால் அவை விலகி வெற்றிடம் தெரிந்தது. பின்களின் மேல் அப்பா காந்தத்தை வைத்துப் பார்த்தார். பித்தளையாக இருந்தால் இப்படிப் பட்டென்று ஒட்டிக்கொள்ளாது. சூடு வைத்ததும் பின்னுக்குள் இருந்த பிளாஸ்டிக், ஈயம் உருகுவதற்கு முன்பே இளகி, நடு ஊசி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிக்னல் கேபிளில் ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பம்; ஆகவே உள்ளே அலுமினியம் இருக்கிறது என்பதாலேயே பாட்டு கெட்டுவிடாது. கெடுவது மூட்டு நிற்காததால். நான் பிடிவாதமாக எப்படியோ இரண்டு கேபிள்களை முடித்துக் காரில் போட்டுப் பார்த்தேன். வீட்டு வாசலில் நன்றாகவே பாடியது. சாலையில் இறங்கி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஸ்பீக்கரில் ஓர் ஊளைச் சத்தம் எழுந்தது. வேகம் கூடக் கூட அதன் சுருதியும் கூடியது. எஞ்சினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை டயோடுகள் நேர்மின்சாரமாக மாற்றிய பிறகும் அதில் ஒரு சிறு அலைவு மிஞ்சியிருக்கும். சிக்னலின் திரும்பு கம்பி பின்னில் விட்டுப்போனால், சிக்னல் காரின் உடல் உலோகம் வழியாகத் திரும்ப வேண்டியதாகிறது. அந்த அலைவும் அதே உலோகத்தில்தான் ஓடுவதால், அது சிக்னலோடு கலந்து ஊளையாகக் கேட்கிறது. காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் வலதுபுற ஸ்பீக்கர் அடியோடு நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால் கம்பி பின்னுக்குள் ஒடிந்து தனியே கிடந்தது.

கடைக்காரரைப் பொறுமையோடுதான் அழைத்தேன். சுரண்டிய கம்பியின் படத்தையும் காந்தம் ஒட்டிய காணொளியையும் அனுப்பினேன். முதல் நாள், “உங்க ஃபிளக்ஸ் சரியில்ல சார்” என்றார். இரண்டாம் நாள், கிடங்கில் சுருள் மாறியிருக்கும், ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். முதல் அழைப்பில் தன்னையே ஓனர் என்று சொல்லிக்கொண்டவர் அவர்தான். நான்காம் நாள் ஓனர் வெளியூர். ஆறாம் நாள் வேறொரு பெண் குரல் எடுத்து, என் ஆர்டர் எண்ணைக் கேட்டது. எனக்கு ஆர்டர் எண் என்று ஒன்றைத் தரவே இல்லை என்றேன், எண் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று வைத்துவிட்டது. எட்டாம் நாள் பழைய குரலே மறுபடியும் வந்து, “வெட்டின கேபிளை நாங்க திருப்பி எடுக்கறதில்ல சார்” என்றது. வெட்டிப் பார்க்கச் சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டேன். அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார்.

6,840 ரூபாய் போனதைவிட அந்த ஒரு பதில்தான் எனக்குத் தாங்கவில்லை. என் சந்தேகத்தைப் போக்குவதற்குச் சொன்ன அதே வார்த்தையை என் வாயை அடைப்பதற்கும் பயன்படுத்தினார்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. வங்கியில் கேட்டதற்கு, நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்றார்கள். செயலியில் அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் அளித்தேன். எங்கள் விதிகளை மீறவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. பத்தாம் நாளான நேற்று பிளாக்.

சோதனைகளை விரிவாக எழுதுவதாகத் தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு இப்போது மனம் ஓடவில்லை, இவற்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு மீட்டரும் ஒரே ஒரு பின்னும் வாங்கி, சுரண்டி, மடக்கி, ஈயம் வைத்துப் பார்க்காமல் மொத்தமாக வாங்காதீர்கள். தீயில் காட்டும் காணொளியை நம்பாதீர்கள். காட்டும் கம்பியும் அனுப்பும் கம்பியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பின்னுக்குக் காந்தம் வையுங்கள். திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதியைப் பணம் அனுப்பும்முன் எழுத்தில் வாங்குங்கள், பில் இல்லாமல் யுபிஐயில் நேரடியாக அனுப்பாதீர்கள். இன்னொன்று, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் ஆர்சிஏ பின்னைச் செருகவோ பிடுங்கவோ செய்யாதீர்கள். சில ஸ்டீரியோக்களில் உள்ளே இருக்கும் மிகச் சிறிய ஃபியூஸ் அதனால் எரிந்துவிடும், பிறகு எந்தக் கேபிள் போட்டாலும் அந்த ஊளை போகாது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் இன்று காலை புகார் பதிந்திருக்கிறேன். அதன்பிறகு மகனின் செல்போனிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தீயில் சிவக்கும் அந்தக் கம்பியின் காணொளி இன்னும் முதலிலேயே இருக்கிறது. அதற்குக் கீழே போன வாரம் நான் எழுதியிருந்த இரண்டு வரியை மட்டும் நீக்கியிருக்கிறார்கள்.