ஒன்பதாம் வகுப்பில் ஏ.பி.: வகுப்பில் உட்கார்ந்தா, தனித்தேர்வராகவா?

என் மகள் 2024 ஆகஸ்டில் ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தாள். டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். சேர்ந்த இரண்டாவது வாரமே ஏ.பி. சைக்காலஜி (உளவியல்) எடுக்கணும் என்று ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அவள் பள்ளியில் அந்த வகுப்பைப் பதினோராம் வகுப்பிலிருந்துதான் தருகிறார்கள். அதனால் மூன்று வழிகள்: பதினோராம் வகுப்பு வரை காத்திருப்பது, வீட்டிலேயே படித்து மே மாதம் தேர்வு மட்டும் எழுதுவது, அல்லது கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) டுயல் கிரெடிட்டாக, அதாவது பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேர்கிற மாதிரி, அதே பாடத்தை எடுப்பது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே ஒரு பாடம், அதுவும் பார்த்துப் பொறுக்கி எடுத்த பாடம் என்றால் மட்டும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு நடத்துகிற, கல்லூரி முதலாண்டுத் தரத்துப் பாடமும் தேர்வும்; மே மாதம் எழுதினால் ஜூலையில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் வரும். வகுப்பில் உட்காராமலே தேர்வை மட்டும் எழுதலாம். நம்ம ஊரில் தனித்தேர்வர் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். என்ன, அங்கே விண்ணப்பித்தால் தேர்வுத்துறை மையத்தை ஒதுக்கி ஹால் டிக்கெட் கொடுத்துவிடும், இங்கே உங்களை உட்கார வைக்கிற பள்ளியை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செலவு பெரிய விஷயமில்லை. 2025-இல் ஒரு தேர்வுக்கு 99 டாலர், கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளம் இலவசம், பழைய தேர்வுகளின் எழுத்துக் கேள்விகளைக் காலேஜ் போர்டே தன் தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. நேரம், பிள்ளையைப் பொறுத்தது. பள்ளி வகுப்பில் ஆசிரியர், நண்பர்கள், வாராவாரம் டெஸ்ட் எல்லாம் உண்டு, வீட்டில் இல்லை. இதில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை.

ரேங்க் விஷயத்தை மட்டும் அப்படித் தாண்ட முடியாது, குறிப்பாக டெக்சஸில். இங்கே 1997-இல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் இருந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம், ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழகம் (யூ.டி.) மட்டும் அதை இறுக்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து ஐந்து சதவீதமாக்கிவிட்டது. அந்த ரேங்க் வருவது ஜி.பி.ஏ.விலிருந்து (எல்லாப் பாட கிரேடுகளின் சராசரி), ஏ.பி. வகுப்புக்கு ஜி.பி.ஏ.வில் கூடுதல் எடை உண்டு. தனியாக எழுதும் தேர்வுக்கு அந்த எடை பூஜ்யம். டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி தரும் பாட, கிரேடு பட்டியல்) எடுத்த வகுப்பாக வராது. ஐந்தே வாங்கினாலும் ரேங்க் ஒரு படி ஏறாது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் நாங்கள் செய்தது வீண் வேலை. நான் வேறு மாதிரி கணக்குப் போட்டேன். சைக்காலஜியை ஒன்பதிலேயே முடித்துவிட்டால் பதினோராம் வகுப்பில் அந்தப் பீரியட் காலியாகும், அதில் எடையுள்ள வேறொரு ஏ.பி. வகுப்பை எடுக்கலாம். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பொதுவாக 3 வாங்கினாலே கிரெடிட் (அந்தப் பாடத்தை முடித்த கணக்கு) கிடைக்கும், அதற்கும் சட்டம் இருக்கிறது. தேர்வு சரியாகப் போகாவிட்டால் விண்ணப்பத்தில் அந்த மதிப்பெண்ணை எழுதாமல் விட்டுவிடலாம். வகுப்பில் சி கிரேடு வாங்கினால் அதை மறைக்க வழியில்லை.

சரி, இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயம். தனியாகப் படிப்பதா வேண்டாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பாடம் கஷ்டமா, புத்தகம் எது, எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் இவை எதுவும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தது ஒரே கேள்வி: பிள்ளை எழுதுவதை யார் திருத்துவது?

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை அவளே திருத்திக்கொண்டாள், அதற்கு யாரும் வேண்டாம். எழுத்துக் கேள்வி அப்படியில்லை. 2025 மே தேர்விலிருந்து சைக்காலஜியின் அமைப்பையே மாற்றியிருந்தார்கள்: விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 75, அதற்கு 90 நிமிடம், அப்புறம் 70 நிமிடத்தில் இரண்டு எழுத்துக் கேள்விகள். ஒன்றில் ஓர் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து, என்ன ஆய்வு முறை, எந்த மாறியை எப்படி அளந்தார்கள், முடிவு யாருக்கெல்லாம் பொருந்தும் என்று குடைவார்கள். மற்றதில் மூன்று ஆய்வுகளைக் கொடுத்து, அவற்றைச் சான்றாக வைத்து ஒரு கருத்தை நிறுவச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்து மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த மாற்றம் எங்களுக்கு ஜனவரி வரை தெரியாது. தோழி வீட்டிலிருந்து ஒரு பழைய கைடை வாங்கி வந்திருந்தேன், அதில் ஒன்பது யூனிட். புதிய பாடத்திட்டத்தில் ஐந்துதான். பாடம் என்னவோ பெரும்பாலும் அதேதான், அடுக்கியிருந்த விதம்தான் வேறு. ஆனால் எழுத்துக் கேள்வி முற்றிலும் வேறு, அவள் மூன்று மாதமாக இல்லாத தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். வகுப்பில் இருந்திருந்தால் ஆசிரியர் முதல் நாளே சொல்லியிருப்பார். பாடத்திட்டக் கையேடு காலேஜ் போர்டு தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது, மாதிரிக் கேள்வியும் மதிப்பிடும் முறையும் உள்ளேயே இருக்கின்றன. ஆகஸ்டில் அதைத் திறக்காதது என் தப்பு.

பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் திருத்த உட்கார்ந்தேன். நான் படித்தது பி.காம்., உளவியலில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் திருத்துவதற்கான விடைக்குறிப்பு இவ்வளவு துல்லியமாக இருந்தால் பாடம் தெரியாதவரும் ஓரளவு திருத்தலாம் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு கேள்வியில் ஆய்வாளர்கள் தூக்கத்தை எப்படி வரையறுத்தார்கள் என்று கேட்டிருந்தது. அவள் "எவ்வளவு நன்றாகத் தூங்கினார்கள் என்பது" என்று எழுதியிருந்தாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது, மார்க் போட்டுவிட்டேன். விடைக்குறிப்பைத் திரும்பப் படித்தால், எதை வைத்து அளந்தார்கள், கைக்கடிகாரக் கருவியில் பதிவான மணி நேரமா, அவர்களே நிரப்பிய படிவமா, அதைச் சொன்னால்தான் மார்க். இப்படி நான் தாராளமாகப் போட்ட மார்க்குகள் நிறைய. சொந்தப் பிள்ளை என்றால் "அதைத்தானே சொல்ல வந்தாள்" என்று கை தானாகப் போட்டுவிடுகிறது.

தமிழ்ப் பள்ளியில் பழக்கமான இன்னொரு அம்மாவின் மகனும் அதே தேர்வைத் தனியாக எழுதப்போகிறான் என்று தெரிந்ததும் தாள்களை மாற்றிக்கொண்டோம். என் மகள் தாளை அவர் திருத்துவார், அவர் மகன் தாளை நான். ஊரான் பிள்ளை என்றதும் கை எப்படிக் கறாராகிவிடுகிறது பாருங்கள்! முதல் வாரம் என் மகளுக்கு ஏழுக்கு இரண்டு வந்தது. "அம்மா, ஆன்ட்டி ரொம்ப மோசம்" என்று அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏப்ரல் கடைசியில் ஐந்து, ஆறு என்று வர ஆரம்பித்தது. இந்த மாற்று ஏற்பாடு இல்லாமல் இருந்திருந்தால் நான் இப்போது பள்ளி வகுப்புக்கே காத்திருங்கள் என்றுதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

அதனால் என்னைக் கேட்டால், எழுத்துப் பகுதிக்கு எத்தனை சதவீதம், அதை வீட்டில் திருத்த முடியுமா என்று பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். சைக்காலஜி தோது. ஹியூமன் ஜியாகிரபியில் பாதிக்குப் பாதி எழுத்து, ஆனால் சிறு சிறு பிரிவுகளாகக் கேட்பதால் சமாளிக்கலாம். அதைப் பல பள்ளிகள் ஒன்பதிலேயே வகுப்பாகத் தருகின்றன, அப்படி இருந்தால் வகுப்பில் உட்கார்ந்து எடையையும் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கால்குலஸிலும் பாதி எழுத்துதான் என்றாலும் படிப்படியாக ஒத்துப்பார்க்கலாம், ஒன்பதாம் வகுப்பில் அந்த இடத்துக்கு வந்துவிட்ட பிள்ளைகள் குறைவு. வரலாறு வேண்டவே வேண்டாம். வேர்ல்டு ஹிஸ்டரியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு 40 சதவீதம்தான், மீதி 60 எழுத்து. ஏழு ஆவணங்களை வைத்துக் கட்டுரை எழுதுகிற வித்தையை, சிவப்புப் பேனாவோடு ஒரு ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் வரவழைக்க என்னால் முடியாது. என் மகள் பத்தாம் வகுப்பில் அதைப் பள்ளியில்தான் எடுத்தாள். ஏ.பி. செமினாரைத் தனியாக எழுதவே முடியாது. பயாலஜி, கெமிஸ்ட்ரி நாங்கள் தொட்டதில்லை, ஆய்வகம் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொன்னால் அது ஊகம்தான்.

டுயல் கிரெடிட்டைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன் போனதைப் பார்த்ததோடு சரி. அதில் ஒரு பெரிய நல்லது, திருத்துவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவர் இருக்கிறார், ஒரே நாள் தேர்வை நம்பி இருக்க வேண்டியதில்லை. டெக்சஸில் சைக்காலஜி 2301 என்ற பொது எண்ணிலேயே பாடம் இருப்பதால் மாநில அரசுக் கல்லூரிகளுக்குள் மாற்றிக்கொள்வதும் எளிது. எனக்குப் பயம் வேறு: அங்கே வாங்குகிற கிரேடு பதினான்கு வயதிலேயே கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறி உட்கார்ந்துவிடும். வெளிமாநிலத் தனியார் கல்லூரி அதை ஏற்குமா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பதினொன்று, பன்னிரண்டில் இருக்கிற பிள்ளைக்கு நான் இவ்வளவு தயங்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

தனியாக எழுதுவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. தேர்வு மே மாதம்தானே என்று இருந்துவிடாதீர்கள், பெயர் கொடுக்கும் கெடு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும், பள்ளிகள் உள்ளுக்குள் அதைவிட முன்னாலேயே தேதி வைத்திருப்பார்கள். கெடு தாண்டினால் 40 டாலர் தண்டம், பதிவு செய்துவிட்டு எழுதாவிட்டாலும் 40. எங்கள் பள்ளி ஆலோசகர் (கவுன்சிலர்) முதல் மெயிலுக்குப் பதிலே போடவில்லை, இரண்டாவதற்கு "வகுப்பில் இல்லாதவர்களுக்கு வழக்கமில்லை" என்றார். ஏ.பி. ஒருங்கிணைப்பாளர் வேறு ஒருவர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அவரிடம் நேரில் போய்க் கேட்டதும் தேர்வுக்கு மட்டும் சேர்கிற பதிவுக் குறியீட்டை (ஜாயின் கோட்) ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார். வெளிப் பள்ளியில் எழுத வேண்டி வந்தால் அவர்கள் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, ஆகவே செப்டம்பரிலேயே தேடத் தொடங்குங்கள்.

அவளுக்கு 4 வந்தது. அந்தப் பையனுக்கு 5. அவன் தாளைக் கறாராகத் திருத்தியது நான்தான் என்பதை அவன் அம்மாவிடம் அடிக்கடி ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.