கியூஜிஐஎஸ் செருகியா, லீஃப்லெட் பக்கமா?

கிளிநொச்சிப் பக்கத்துச் சிறு குளங்களையும் வாய்க்கால்களையும் குறிக்க ஒரு வரைபட இடைமுகம் தேவைப்பட்டது. கணினியில் கியூஜிஐஎஸ் செருகி, இணையத்தில் லீஃப்லெட் பக்கம் என இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன்.

கியூஜிஐஎஸ் 2002இல் தொடங்கிய கட்டற்ற வரைபட மென்பொருள். கியூடி டிசைனர் என்ற திரை வடிவமைப்புக் கருவியில் படிவத்தை அடுக்கி, பைதன் மொழியில் கொஞ்சம் நிரல் எழுதினால் செருகி, அதாவது அதோடு சேர்ந்து ஓடும் துணைநிரல், தயார். இலங்கையில் இடத்தை எண்ணால் குறிக்கும் இரண்டு முறைகளான பழைய கண்டவல ஆள்கூறும் 1999 இலங்கைக் கட்டமும் கலந்து வந்தாலும், எது எதுவென்று சொல்லிவிட்டால் தானே பொருத்திக் காட்டும். இணையமும் வேண்டாம். ஆனால் கமக்கார அமைப்பு ஐயா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, மற்றப் பொத்தானெல்லாம் என்னத்துக்கு?" என்றார். நியாயம்தான். என்னுடையவை மூன்றே மூன்று. சுற்றிவர ஒரு சந்தை. தேவையில்லாததை ஒளிக்கலாம், ஆனால் ஒவ்வொரு கணினியிலும் செய்ய வேண்டும்.

லீஃப்லெட், இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட 2011இல் வந்த சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு). ஐயாவின் போனிலேயே திறந்தது. இரணைமடு வாய்க்காலை இரண்டு விரலால் பெருப்பித்து, தன் வயலைத் தானே கண்டுபிடித்தார். சரி, வென்றுவிட்டோம் என்று நினைத்தால், வயல் நடுவில் சிக்னல் போய், இணையத்திலிருந்து வரும் பின்னணி வரைபடமெல்லாம் சாம்பல் நிறம். திருத்தியதைச் சேமிக்கும் வழங்கியையும் (சர்வர்) நாமே கட்ட வேண்டும்.

இப்போது திருத்தம் செருகியில், ஐயாவுக்கு லீஃப்லெட். பின்னணி வரைபடத்தை கியூஜிஐஎஸ்ஸிலேயே துண்டுகளாக வெட்டிப் போனில் ஏற்றும் வேலை மிச்சம்.