கிளட்ச் டிலே வால்வைக் கழற்றி இரண்டரை வருடம்: என் அனுபவம்

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு கதவு கூபே. ஆறு கியர், மேனுவல், பின்சக்கரம் இழுக்கிற வண்டி. தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு வண்டி எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆசைதான் காரணம், வேறொன்றும் இல்லை.

வாங்கிய நாளிலிருந்து ஒரு குறை. ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது மட்டும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கும். காலைப் பெடலிலிருந்து முழுசாக எடுத்திருப்பேன், ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்திருப்பேன், எஞ்சின் மட்டும் ஒரு நொடி வீணாக உறுமும். அதன் பிறகு கிளட்ச் கப்பென்று பிடிக்கும். "இத்தனை வருஷமா ஓட்டுறீங்க, ரெண்டாவது கியர்ல மட்டும் ஏங்க இப்படித் தலை ஆட்டுது?" என்று பக்கத்து சீட்டில் இருந்து என் மனைவி கேட்டபோதுதான் இதை விடக்கூடாது என்று தோன்றியது.

எஞ்சின் மவுன்ட் பார்த்தோம், நன்றாக இருந்தது. கிளட்ச் பிளேட்டும் தேயவில்லை. கிளட்ச் ஆயில் போகும் லைனில் காற்றும் இல்லை. மிச்சம் இருந்தது டிலே வால்வுதான்.

பெடலை மிதித்தால் மேலே மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியே கீழே கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் கிளட்ச்சை விலக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, குழாயில் ஒரு சின்ன உலோகத் துண்டு, அதுதான் டிலே வால்வு. மிதிக்கும்போது ஆயிலைத் தாராளமாக விடும். காலை எடுக்கும்போது மட்டும் ஊசித் துளை வழியாகத்தான் ஆயில் திரும்ப முடியும். நாம் எவ்வளவு வேகமாகக் காலை எடுத்தாலும் கிளட்ச் தன் வேகத்தில்தான் வந்து பிடிக்கும். பி.எம்.டபிள்யூவின் பல மேனுவல் மாடல்களில் இது உண்டு, வேறு சில கம்பெனிகளும் வைக்கின்றன. அனுபவம் இல்லாதவர் கிளட்ச்சைப் படாரென்று விட்டால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் அடி வாங்கும். அதைத் தடுக்க வைத்தது. காரணம் நியாயமானதுதான். ஆனால் ஒழுங்காகக் காலை எடுக்கத் தெரிந்தவருக்கு, கால் சொல்வது ஒன்று, வண்டி செய்வது ஒன்று என்று ஆகிவிடுகிறது. பாதி பிடித்த கிளட்ச் அந்த இடைவெளியில் வழுக்கிச் சூடாவது வேறு.

பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிறு காலை வேலையை எடுத்தோம். எங்கள் சந்தில் தரை சாய்வு. அதனால் பக்கத்து மாவு மில் வாசலில் சமமான சிமென்ட் தரை இருக்கிறதே, அங்கே கேட்டு வாங்கிக்கொண்டோம். ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு ஸ்டாண்டு கொடுத்து, கையால் நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே நுழைந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையைக் கொடுக்காதீர்கள்.

காசிமேடு பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கடல் காற்று எந்த இரும்பையும் விடாது. குழாய் நட் இரண்டும் துரு ஏறி, விளிம்பே தெரியாமல் இருந்தன. முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விட்டிருந்தேன். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட் மழுங்கிவிடும். குழாயை நுழைக்க ஒரு பக்கம் வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் வரும், ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று கேட்டால் தருவார்கள். அது இல்லாமல் இதைத் தொட வேண்டாம். வால்வை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, நட்டை இன்னொன்றால் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பேனரால் இழுத்தால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

கழற்றும் முன் இன்னொரு வேலை செய்தேன். மேலே ஆயில் டப்பாவின் மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாளை வைத்து இறுக்கினேன். உள்ளே காற்று புகாது, அதனால் கீழே ஒழுகுவது குறையும். பல கார்களைப் போல என் வண்டியிலும் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். அது காலியாகிவிட்டால் பிரேக் லைனிலும் காற்று ஏறி, வேலை இரட்டிப்பாகிவிடும்.

நட் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. வால்வு கைக்கு வந்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். விரல் மூட்டு அளவு கூட நீளம் இல்லை. நடுவே ஒரு புள்ளி வெளிச்சம், அவ்வளவுதான். என் அக்கா மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா மாமா ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டோம்?" என்றான்.

வால்வு இருந்த இடத்தில் ரப்பர் ஹோஸையே நேராக இரும்புக் குழாயோடு சேர்த்துவிடலாம், மரை ஒன்றேதான். வேறு பார்ட் எதுவும் தேவைப்படவில்லை. எல்லா வண்டியிலும் இப்படி அமையாது, முதலில் உங்கள் வண்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காற்று எடுக்கும் வேலை. அவன் பெடலில், நான் அடியில். "மிதி." "மிதிச்சிட்டேன் மாமா." ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைத் திறந்தால் குழாயில் கோலி சோடா மாதிரி குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகு, "இப்ப விடு." இருபது தடவைக்கு மேல் ஆகியிருக்கும். பழைய ஆயில் வடித்த டீ நிறத்தில் வந்தது. வெளிர் மஞ்சளாகப் புது ஆயில் குமிழி இல்லாமல் வரும் வரை விடவில்லை. அரை லிட்டர் டாட் 4 (பிரேக், கிளட்ச் ஆயிலில் ஒரு தரம்) சரியாகப் போதும். இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தின்படி புதுசில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது பெரிய விஷயம். அதனால் திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருந்ததை நான் மறுபடி ஊற்றுவதில்லை. பெயின்டில் பட்டால் பெயின்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

முதல் வாரம் இரண்டு தடவை வண்டி ஆஃப் ஆனது, இரண்டும் சிக்னலில். பழைய பழக்கத்தில் காலைச் சட்டென்று எடுத்துவிட்டேன், தாமதப்படுத்த இப்போது வால்வு இல்லை. பத்து நாளில் கால் புரிந்துகொண்டது. அதன் பிறகு அந்த ஒன்று - இரண்டு குலுக்கல் போயே போய்விட்டது. கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று உள்ளங்காலில் தெரிகிறது. அதிகாலையில் எண்ணூர் நெடுஞ்சாலை காலியாக இருக்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால், இத்தனை நாள் இந்த வண்டியை நான் ஓட்டவே இல்லையோ என்று இருந்தது.

எதிர்பார்த்து ஏமாறாமல் இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்தபோது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. யோசித்தால் அது சரிதான். மெதுவாகக் காலை எடுக்கும்போது அந்த ஊசித் துளையே போதும், வால்வு குறுக்கே நிற்பதில்லை. வேகமாக எடுக்கும்போதுதான் அது தடுக்கும். பெடலின் கனம் குறையவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்து கிளம்பும்போது இடது கால் முன்பு போலவே வலிக்கிறது.

ஒரு கோளாறும் வந்தது. ஐந்தாவது வாரம் காலையில் பெடல் கொஞ்சம் இளகலாக இருந்தது. இரண்டு தடவை மிதித்தால் சரியானது. டார்ச் அடித்துப் பார்த்தால் புது இணைப்பின் கீழே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மரையில் இருந்த பழைய துருவை நான் முழுசாகச் சுத்தம் செய்யாமல் பூட்டியிருந்தேன். மறுபடி கழற்றி, நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, பூட்டி, காற்று எடுத்தேன். அதன் பிறகு இன்று வரை 27,000 கிலோமீட்டர், ஒரு சொட்டு இல்லை. நீங்கள் செய்தால் முதல் மாதம் வாரம் ஒரு தடவை கீழே குனிந்து பாருங்கள்.

வாரன்ட்டியில் இருக்கும் வண்டி என்றால் நான் தொட மாட்டேன். வீட்டில் புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர் அதே வண்டியை எடுப்பார் என்றாலும் வால்வு இருக்கட்டும் என்பேன், அது அவர்களுக்காக வைத்ததுதான். வடிந்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், எங்கள் பக்கம் பல சாக்கடைகள் கடைசியில் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகின்றன. பழைய ஆயில் எடுப்பவரிடம் தனி பாட்டிலில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

கழற்றிய வால்வை எறியவில்லை. துடைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். வண்டியை என்றாவது கைமாற்றினால், வாங்குபவருக்கு விஷயத்தைச் சொல்லி சாவியோடு சேர்த்து அதையும் கொடுத்துவிடுவேன்.